பின்லாந்தின் பழைய வேட்டை ரைபிள்கள்: சேகரிப்பும் ஆய்வும்

பின்லாந்தின் பழைய வேட்டை ரைபிள்கள் என்பவை, 20 ஆம் நூற்றாண்டில் பின்லாந்து நாட்டில் உருவாக்கப்பட்ட அல்லது அங்கு வேட்டைக்கென மாற்றியமைக்கப்பட்ட சுரிகுழல் துப்பாக்கிகள் ஆகும். இவற்றைச் சேகரிப்பதும், ஒவ்வொரு துப்பாக்கியின் வரலாற்றையும் ஆராய்ந்து அறிவதும் பின்லாந்து, ஐக்கிய அமெரிக்கா உள்ளிட்ட சில நாடுகளில் தனித்ததொரு துறையாக வளர்ந்துள்ளன. சாக்கோ, டிக்கா, வால்மெட் ஆகிய மூன்றும் இத்துறையில் பெரிதும் பேசப்படும் தயாரிப்புப் பெயர்கள் ஆகும்.

பின்லாந்தின் பழைய ரைபிள் ஒன்றின் உடற்பகுதி உருசியாவிலும், குழல் சுவிட்சர்லாந்திலும், கட்டை பின்லாந்திலும் செய்யப்பட்டிருக்கலாம். அது முதலில் படைவீரரிடமும், பிறகு உழவரிடமும், இறுதியில் வேட்டைக்காரரிடமும் இருந்திருக்கலாம். இம்மாற்றங்களைப் பற்றிய எழுத்து ஆவணங்கள் பெரும்பாலும் கிடைப்பதில்லை. துப்பாக்கியின் மீதுள்ள முத்திரைகள், எண்கள், துளைகள், தேய்மானம் ஆகியவையே சான்றுகளாக நிற்கின்றன. இதனால் ஒரு துப்பாக்கியைத் "புதிதுபோல்" ஆக்குவது அதன் வரலாற்றை அழிப்பதாக முடியும் என்பது இத்துறையின் அடிப்படைக் கருத்தாகும்.

வரலாற்றுப் பின்னணி

உருசிய ஆட்சிக்காலமும் விடுதலையும்

1809 முதல் 1917 வரை பின்லாந்து உருசியப் பேரரசின் கீழ் ஒரு தன்னாட்சிப் பெருங்கோமகவாக இருந்தது. 1917 திசம்பர் 6 அன்று அது விடுதலையை அறிவித்தது. 1918 இல் நடந்த உள்நாட்டுப் போரின்போது, உருசியப் படைமுகாம்களில் இருந்த பெருந்தொகையான மோசின்-நாகன்ட் ரைபிள்கள் பின்லாந்தினர் கைக்கு வந்தன. இவை 1891 ஆம் ஆண்டு உருசியாவில் ஏற்கப்பட்ட மாதிரியைச் சேர்ந்தவை ஆகும்.

பின்லாந்து இந்த ரைபிளின் பல மேம்பட்ட வடிவங்களை உருவாக்கியது. ஆயினும் குழலும் பூட்டும் பொருந்துகின்ற ரிசீவர் என்னும் உடற்பகுதியை அந்நாடு ஒருபோதும் தயாரிக்கவில்லை. உருசியாவிலும், உருசியாவுக்காகப் பிரான்சிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் செய்யப்பட்ட பழைய உடற்பகுதிகளே மீண்டும் மீண்டும் பயன்படுத்தப்பட்டன. பின்லாந்தின் மோசின்-நாகன்ட் ரைபிள்களை ஆராய்வோர் முதலில் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி இதுவே.

காவற்படையும் வேட்டையும்

விடுதலைக்குப் பின் சுவோயெலுஸ்குந்தா எனப்பட்ட தன்னார்வக் காவற்படை நாடெங்கும் இயங்கியது. அதன் உறுப்பினர்களுட் பலர் உழவர்களும் வேட்டைக்காரர்களும் ஆவர். உறுப்பினர்கள் தமக்கான ரைபிளைச் சொந்தமாக வாங்கிக்கொள்ளவும் இயன்றது. இதனால் படைத்துறை ரைபிளுக்கும் வீட்டு ரைபிளுக்கும் இடையிலான எல்லை பிற நாடுகளில் உள்ளது போல் தெளிவாக இருக்கவில்லை.

காவற்படைக்கென 1920களின் முற்பகுதியில் எம்/24 மாதிரி உருவானது. லோட்டா ஸ்வார்ட் என்னும் பெண்கள் அமைப்பு இதற்கு நிதி திரட்டியதால் இது "லோட்டா ரைபிள்" என்றும் அழைக்கப்படுகிறது. பின்னர் எம்/28, எம்/28-30 ஆகியவை வந்தன. படைத்துறை தனியே எம்/27 மாதிரியை ஏற்றது. குறிமுள்ளின் இருபுறமும் நிமிர்ந்து நிற்கும் காப்புத் தகடுகள் நாயின் காதுகளை நினைவூட்டியமையால், இவ்வகை ரைபிள்களுக்குப் "பூஸ்துகோர்வா" என்னும் பட்டப்பெயர் ஏற்பட்டது. நிமிர்ந்த காது எனப் பொருள்படும் இச்சொல், மரத்தில் அமர்ந்திருக்கும் பறவையைக் குரைத்துக் காட்டும் பின்லாந்து வேட்டை நாயினத்தின் பெயருமாகும். அந்நாய் 1979 இல் பின்லாந்தின் தேசிய நாயாக அறிவிக்கப்பட்டது.

1937 இல் எல்சிங்கியில் நடைபெற்ற உலகத் துப்பாக்கி சுடுதல் போட்டியில் படைத்துறை ரைபிள் பிரிவுக்கு எம்/28-30 பயன்படுத்தப்பட்டது. 1939-40 குளிர்காலப் போரில் புகழ்பெற்ற குறிசுடுநர் சிமோ ஹாயா பயன்படுத்தியதும் இம்மாதிரியே. அவர் போருக்கு முன் உழவராகவும் வேட்டைக்காரராகவும் வாழ்ந்தவர். படைக்கும் காவற்படைக்கும் பொதுவாக உருவான எம்/39 மாதிரி, சுமார் 1 லட்சம் எண்ணிக்கையில் செய்யப்பட்டது. குறிபார்த்துச் சுடுவதில் வல்லவரான முன்னாள் குடியரசுத் தலைவர் பேர் எவிண்ட் ஸ்வின்ஹுவுட்டின் பட்டப்பெயரால் இது "உக்கோ-பெக்கா" எனப்பட்டது.

போருக்குப் பின்

1944 செப்டெம்பரில் பின்லாந்துக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் இடையே போர் நிறுத்தம் ஏற்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் காவற்படை கலைக்கப்பட்டது. சோவியத் படை நாட்டுக்குள் நுழையக்கூடும் என்ற அச்சத்தால், பெருந்தொகையான படைக்கலங்கள் நாடெங்கும் இரகசியமாகப் பதுக்கப்பட்டன. 1945 இல் இது வெளிப்பட்டுப் பெரும் வழக்கானது. பழைய ரைபிள்கள் சிலவற்றின் வழிவரலாறு இக்காலப்பகுதியில் அறுபட்டுப் போவதற்கு இத்தகைய நிகழ்வுகளும் ஒரு காரணமாகும்.

முதன்மையான தயாரிப்பாளர்கள்

சாக்கோ

சாக்கோ, காவற்படையின் துப்பாக்கி பழுதுபார்க்கும் பட்டறையாக 1919 இல் எல்சிங்கியில் தொடங்கியது. 1921 இல் தனி நிறுவனமாக ஆனது. நிறுவனம் தன் தொடக்கமாக இந்த ஆண்டையே கொள்கிறது. 1927 இல் ரீகிமாக்கி நகருக்கு இடம்பெயர்ந்தது. காவற்படையின் படைக்கல, இயந்திரப் பட்டறை என்று பொருள்படும் பின்னியச் சொற்றொடரின் சுருக்கமே இதன் பெயராகும்.

1944 இல் காவற்படை கலைக்கப்பட்டபோது, அதன் சொத்தாக இருந்த தொழிற்சாலை சோவியத் கைக்குப் போகாமல் இருக்கும்பொருட்டுப் பின்லாந்து செஞ்சிலுவைச் சங்கத்துக்கு உரிமையாக்கப்பட்டது. இவ்வாறு சில ஆண்டுகள் ஒரு மனிதநேய அமைப்பே துப்பாக்கித் தொழிற்சாலையின் உரிமையாளராக விளங்கியது. 1962 இல் பின்லாந்து கம்பிவடத் தொழிற்சாலை சாக்கோவை வாங்கியது. அத்தொழிற்சாலை 1967 இல் நோக்கியா குழுமத்துடன் இணைந்ததால், பின்னாளில் கைபேசிகளுக்குப் பெயர்பெற்ற நோக்கியா வேட்டை ரைபிள்களின் உரிமையாளராகவும் இருந்தது. 2000 ஆம் ஆண்டில் சாக்கோ இத்தாலியின் பெரெட்டா குழுமத்தின் பகுதியானது.

டிக்கா

டிக்கா என்பது, நடுப் பின்லாந்தில் யுவாஸ்குலா நகருக்கு அருகே 1893 இல் தோன்றிய டிக்காக்கோஸ்கி தொழிற்சாலையின் வணிகப்பெயர் ஆகும். போர்க்காலத்தில் புகழ்பெற்ற சுவோமி இயந்திரக் கைத்துப்பாக்கியை இது தயாரித்தது. போருக்குப் பின் தையல் இயந்திரங்களைச் செய்தது. 1960களின் இறுதியில் வேட்டை ரைபிள் தயாரிப்பில் இறங்கியது. 1980களில் சாக்கோவுடன் இணைந்தது. பிறகு தயாரிப்பு ரீகிமாக்கிக்கு மாற்றப்பட்டது.

வால்மெட்

யுவாஸ்குலாவில் இருந்த அரசு ரைபிள் தொழிற்சாலை, போருக்குப் பின் பிற அரசு உலோகத் தொழிற்சாலைகளுடன் சேர்ந்து வால்மெட் என்ற பெயரைப் பெற்றது. இது வேட்டைக்கென மேல்கீழாக அமைந்த இரட்டைக்குழல் துப்பாக்கிகளைச் செய்தது. "லெயோனா", அதாவது சிங்கம், என்ற பெயர் கொண்டது இவற்றுள் நன்கறியப்பட்டது ஆகும்.

குறிப்பிடத்தக்க வேட்டை மாதிரிகள்

சாக்கோ எல்46

இது போருக்குப் பின் சாக்கோவுக்கு வாழ்வளித்த மாதிரியாகும். இதன் வடிவமைப்பு 1942 அளவில் தொடங்கியது. இதற்கென உருவான தோட்டா 7×33 சாக்கோ ஆகும். போர்க்காலத்தில் சாக்கோ 9 மி.மீ. பாராபெல்லம் தோட்டாக்களைப் பெருமளவில் செய்தது. அத்தோட்டாவின் கூட்டினை நீட்டி, வாயைக் குறுக்கி 7×33 உருவாக்கப்பட்டது. இதன் குண்டு சுமார் 5 கிராம் எடையுள்ளது.

இத்தோட்டாவின் நோக்கம் பறவை வேட்டை ஆகும். பின்லாந்தின் பனிக்காலத்தில், மெட்சோ என்னும் பெரிய காட்டுக்கோழியும் தேரி என்னும் கருங்காட்டுக்கோழியும் மரவுச்சிகளில் அமர்ந்து மொட்டுகளையும் ஊசியிலைகளையும் உண்கின்றன. வேட்டைக்காரர் பனிச்சறுக்குக் கட்டையில் நின்றவாறே 100 மீட்டருக்கும் மேற்பட்ட தொலைவிலிருந்து சுட வேண்டும். பெரிய தோட்டாவாயின் பறவை சிதைந்துவிடும். சிதறுகுண்டுத் துப்பாக்கியாயின் அத்தொலைவு எட்டாது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தேவையை 7×33 நிறைவு செய்தது. சிதைவைக் குறைக்க முழு உறையிட்ட குண்டுகள் பயன்பட்டன.

ஏற்றுமதிக்காக எல்46, .22 ஹார்னெட், .218 பீ, பின்னர் .222 ரெமிங்டன் ஆகிய அமெரிக்கத் தோட்டாக்களுக்கும் செய்யப்பட்டது. குழல்முனை வரை கட்டை நீண்டிருக்கும் குறுங்குழல் வடிவமும் உண்டு. கழற்றியெடுக்கக்கூடிய மேகசின் எல்46 இன் அடையாளம் ஆகும். 1960களின் தொடக்கத்தில் இதற்கு மாற்றாக வந்த எல்461 மாதிரியில் மேகசின் உள்ளேயே நிலையாக அமைந்தது. எல்461, பெண் நரி எனப் பொருள்படும் "விக்சன்" என்ற பெயரில் விற்கப்பட்டது.

பிற சாக்கோ மாதிரிகள்

1957 இல் .243 வின்செஸ்டர், .308 வின்செஸ்டர் தோட்டாக்களுக்கான எல்57 "ஃபாரெஸ்டர்" வந்தது. இதனைத் தொடர்ந்து எல்579 வெளியானது. 1961 இல் .30-06 முதலிய நீண்ட தோட்டாக்களுக்காக எல்61 "ஃபின்பேர்" வெளிவந்தது. அதற்கு முன் பெரிய தோட்டாக்களுக்கு, பெல்ஜியத்தின் எஃப்என் நிறுவனம் செய்த மௌசர் உடற்பகுதிகளைச் சாக்கோ பயன்படுத்தியது. 1960களில் நெம்புகோல் இயக்கம் கொண்ட "ஃபின்வுல்ஃப்" என்ற மாதிரியும் செய்யப்பட்டது.

டிக்கா எம்55, எம்65

இவற்றுள் எம்55 குறுகிய தோட்டாக்களுக்கும், எம்65 நீண்ட தோட்டாக்களுக்கும் உரியவை. தோட்டாக்கள் ஒற்றை வரிசையில் அமையும் கழற்று மேகசின் இவற்றில் காணப்படுகிறது.

மாற்றியமைக்கப்பட்ட மோசின்-நாகன்ட் ரைபிள்கள்

பின்லாந்துப் படையின் 7.62×53ஆர் தோட்டாவின் வாயை விரித்து 8.2×53ஆர், 9.3×53ஆர் என இரு வேட்டைத் தோட்டாக்கள் உருவாயின. தேய்ந்துபோன படைத்துறைக் குழல்களைப் பெருக்கித் துளைத்து, இத்தோட்டாக்களுக்கு ஏற்றவாறு ஆக்கி, மூஸ் என்னும் பெருமானை வேட்டையாடப் பயன்படுத்தினர். இவ்வகை ரைபிள்களின் கட்டை பெரும்பாலும் குறுக்கப்பட்டிருக்கும்.

வேறு பெயர்களில் விற்கப்பட்டவை

பின்லாந்து உடற்பகுதிகள் பல அமெரிக்கப் பெயர்களிலும் விற்கப்பட்டன. மார்லின் 322, எல்46 உடற்பகுதியைக் கொண்டது. கோல்ட் நிறுவனத்தின் "கோல்ட்ஸ்மன்" ரைபிள்கள் சிலவற்றிலும், பிரௌனிங் நிறுவனத்தின் சிறிய, நடுத்தர ரைபிள்களிலும் சாக்கோ உடற்பகுதிகள் இருந்தன. டிக்கா ரைபிள்கள் இதாக்கா நிறுவனத்தின் பெயரில் எல்எஸ்ஏ-55, எல்எஸ்ஏ-65 என விற்கப்பட்டன. எனவே அமெரிக்கப் பெயரை மட்டும் கொண்டு ஒரு துப்பாக்கியின் பிறப்பிடத்தை முடிவு செய்தல் தவறாகும்.

ஆய்வு முறைகள்

உடற்பகுதியின் ஆண்டும் குழலின் ஆண்டும்

பின்லாந்து மோசின்-நாகன்ட் ரைபிளின் குழல்மீது காணப்படும் ஆண்டு, அக்குழல் செய்யப்பட்ட ஆண்டாகும். உடற்பகுதியின் ஆண்டு, அதன் பின்புற வாலின் அடிப்பக்கத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். கட்டையிலிருந்து கழற்றினாலன்றி அது தெரியாது. குழல்மீது 1942 என்றிருக்கும் எம்/39 ஒன்றின் உடற்பகுதி 1895 இல் செய்யப்பட்டதாக இருக்கலாம்.

இவ்வேறுபாட்டுக்குச் சட்ட விளைவும் உண்டு. ஐக்கிய அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின்படி 1898 அல்லது அதற்கு முன் செய்யப்பட்ட துப்பாக்கிகள் தொல்பொருளாகக் கருதப்படுகின்றன. அங்கு உடற்பகுதியே துப்பாக்கியாகக் கொள்ளப்படுவதால், 1942 இல் பொருத்தப்பட்ட ரைபிளும் தொல்பொருளாக ஆகிவிடலாம். பின்லாந்துப் படை 1980களில் உருவாக்கிய 85 மாதிரிக் குறிசுடு ரைபிளுக்கும் இத்தகைய பழைய உடற்பகுதிகளே பயன்பட்டன என்பது குறிப்பிடத்தக்கது.

முத்திரைகள்

பொதுவாகக் காணப்படும் முத்திரைகள் சில பின்வருமாறு:

* கட்டத்துள் அமைந்த எஸ், ஏ என்னும் இரு உரோமன் எழுத்துகள்: பின்லாந்துப் படையின் உடைமை. 1942 முதல் இடப்பட்டது.
* எஸ் எழுத்தும் ஊசியிலைக் கிளைகளும் கொண்ட சின்னம்: காவற்படை.
* முக்கோணத்துள் டி எழுத்து: டிக்காக்கோஸ்கி.
* சாய்சதுரத்துள் வி, கே, டி எழுத்துகள்: யுவாஸ்குலா அரசு ரைபிள் தொழிற்சாலை.
* குழல்மீது டி (நான்காம் ஆங்கில எழுத்து): டி-166 என்னும் குண்டுக்கு ஏற்றவாறு தோட்டா அறை சீர்செய்யப்பட்டது.

முன்னாள் படைத்துறை ரைபிள் ஒன்றில் எஸ்ஏ முத்திரை இல்லையெனில், 1942 இல் அது படையின் உடைமையாக இல்லாதிருந்திருக்கலாம். தனியார் உடைமையாக ஒரு காவற்படை உறுப்பினரின் வீட்டிலேயே இருந்திருக்க வாய்ப்புண்டு. ஆகவே இல்லாத முத்திரையும் சான்றாகலாம். ஆனால் இவ்வொரு குறிப்பை மட்டும் கொண்டு முடிவுக்கு வருதல் கூடாது.

சாக்கோ வேட்டை ரைபிள்கள்

இவற்றில் தொடர் எண் உடற்பகுதியில் இருக்கும். அதன் கடைசி இலக்கங்கள் பூட்டிலும் இடப்பட்டிருக்கும். இரண்டும் ஒத்திருந்தால் பூட்டு மாற்றப்படவில்லை எனக் கொள்ளலாம். முற்காலக் குழல்களில் சுவீடனின் "போபர்சு எஃகு" என்ற சொற்கள் பொறிக்கப்பட்டிருக்கும். அமெரிக்காவுக்குச் சென்றவற்றில் இறக்குமதி நிறுவனத்தின் பெயர் இருக்கும். வாசிங்டனில் இயங்கிய "ஃபயர்ஆர்ம்சு இண்டர்நேசனல்" முற்கால இறக்குமதி நிறுவனமாகும். பிற்கால இறக்குமதியாளர்களின் பெயர்கள் வேறு. எனவே இப்பெயர் காலத்தைக் கணிக்க உதவும்.

தோட்டா அறையும் குழல் விட்டமும்

குழல்மீதுள்ள எழுத்தை மட்டும் நம்பித் தோட்டாவை முடிவு செய்தல் ஆபத்தானது. 7.62 மி.மீ. எனப் பொறித்த குழல் பிற்காலத்தில் 8.2 மி.மீ. ஆகப் பெருக்கப்பட்டிருக்கலாம். குறைந்த வெப்பத்தில் உருகும் உலோகக் கலவையைத் தோட்டா அறையில் வார்த்து, குளிர்ந்தபின் வெளியே எடுத்து அளப்பது நம்பத்தகுந்த முறையாகும். குழலின் உள்விட்டமும் மாதிரிக்கு மாதிரி மாறுபடும். காவற்படையின் எம்/28-30 குழல்கள் பொதுவாக எம்/39 குழல்களைவிடச் சற்று இறுக்கமானவை.

கட்டை

பின்லாந்து மோசின்-நாகன்ட் கட்டைகள் பெரும்பாலும் பூர்ச்ச மரத்தால் ஆனவை. இரு துண்டுகளை விரல்கள் கோத்தாற்போல் இணைத்துச் செய்யப்பட்ட கட்டைகள், ஈரத்தால் வளையாதிருக்க உதவின. சில கட்டைகளின் பின்பகுதியில் படைப்பிரிவின் பெயர் பொறித்த வட்டத் தகடு பதிக்கப்பட்டிருக்கும். பல கட்டைகளில் தகடு நீக்கப்பட்டு வெற்றுக் குழி மட்டும் எஞ்சியுள்ளது.

மூலநிலையைப் பேணுதல்

சேகரிப்பாளரிடையே நெடுங்காலமாக நிலவும் விவாதம் புதுப்பித்தல் பற்றியதாகும். ஒரு தரப்பினர், கீறலும் கறையும் நீக்கிக் கட்டையைத் தேய்த்து மெருகூட்டுவதைப் பராமரிப்பாகக் கருதினர். மற்றொரு தரப்பினர் இதனை ஏற்பதில்லை. உப்புத்தாளால் தேய்க்கும்போது கட்டையில் உள்ள ஆய்வாளர் முத்திரைகள் மறைகின்றன. குழலை மீண்டும் நீலமூட்டுவதற்காக மெருகிடும்போது எழுத்துகளின் விளிம்புகள் மழுங்குகின்றன. இவ்வாறு போனவற்றை மீட்க இயலாது.

வேட்டைக்கென வெட்டப்பட்ட மோசின்-நாகன்ட் ரைபிள்கள் இவ்விவாதத்தில் தனி இடம் பெறுகின்றன. இவை கெடுக்கப்பட்ட படைத்துறை ரைபிள்கள் என்று முன்னர் ஒதுக்கப்பட்டன. பலர் இவற்றின் உதிரிகளை மட்டும் எடுத்துக்கொண்டனர். வேறு சிலர் புதிய கட்டையிட்டுப் படைத்துறை வடிவுக்குத் "திருப்பினர்". ஆனால் போருக்குப் பிந்திய வறுமையான ஆண்டுகளில் ஒரு குடும்பம் இறைச்சிக்காகப் பயன்படுத்திய கருவி என்ற முறையில், வெட்டப்பட்ட கட்டையும் பெருக்கிய குழலுமே அதன் வரலாறாகும். அதனை 1939 நிலைக்குத் திருப்புவதால் 1939 மீண்டு வராது. 1950 மட்டுமே அழியும். இக்கருத்து இன்று பரவலாக ஏற்கப்பட்டு வருகிறது.

பேணுதலுக்கான பொதுவான நெறிகள் வருமாறு:

* எதனையும் கழற்றுமுன் எல்லாப் பக்கங்களையும் ஒளிப்படம் எடுத்தல்.
* துருவை மெல்லிய எண்ணெயும் மென்மையான துணியும் கொண்டு மட்டும் அகற்றுதல்.
* கட்டையைத் தேய்க்காதிருத்தல்.
* மாற்றிய உதிரிப்பாகங்களை எறியாமல் துப்பாக்கியுடனேயே வைத்தல்.
* முன்னைய உரிமையாளர் கூறும் செய்திகளை, அவர் கூறியதாகவே, நாளிட்டு எழுதி வைத்தல்.

இறுதி நெறி சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. துப்பாக்கியை விற்கும் குடும்பத்தினர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம், தலைமுறைகள் கடந்து மிகைப்பட்டதாகவும் இருக்கலாம். அதனை உறுதியான செய்தியாக எழுதிவிட்டால் பின்வரும் ஆய்வாளரால் பிரித்தறிய இயலாது. எழுதாமல் விட்டாலோ மூத்தவரின் மறைவுடன் அது அழிந்துவிடும்.

போலிகள்

விலை உயர உயரப் போலிகளும் பெருகின. வெற்றுக் குழியில் அரிய படைப்பிரிவின் தகட்டைப் பதித்தல், சாதாரண ரைபிளில் பழைய தொலைநோக்கித் தாங்கியைப் பொருத்திக் குறிசுடு ரைபிளாக்குதல், பூட்டிலுள்ள எண்ணை அழித்து உடற்பகுதிக்கு ஒத்த எண்ணை இடுதல் ஆகியவை அறியப்பட்ட முறைகள் ஆகும். எழுத்துருவின் வடிவம், எழுத்தின் ஆழம், எழுத்துக்குள் படிந்த அழுக்கின் பழமை, அண்டை உலோகத்தின் தேய்மானம் ஆகியவற்றை ஒப்பிட்டு இவற்றைக் கண்டறிகின்றனர். போலியால் வாங்குபவருக்குப் பண இழப்பு ஏற்படுகிறது. அதனினும் பெரிய தீங்கு, பொய்யான சான்று ஒப்பீட்டுப் பட்டியல்களில் நுழைந்து பிற உண்மையான துப்பாக்கிகளின் கணிப்பையும் பிழையாக்குவதாகும்.

பாதுகாப்பு

பழைய துப்பாக்கி ஒவ்வொன்றும் தோட்டா நிரப்பப்பட்டதாகவே கருதிக் கையாளப்பட வேண்டும். பரணிலும் கொட்டிலிலும் கண்டெடுக்கப்படும் ரைபிள்களில் தோட்டா எஞ்சியிருக்கக்கூடும். தகுதி பெற்ற துப்பாக்கிக் கம்மியர் பார்வையிடும் முன் சுடுதல் கூடாது. பழைய சோவியத் படைத்துறைத் தோட்டாக்களின் தீமூட்டியில் உள்ள வேதிப்பொருள், சுட்டபின் குழலில் உப்பைப் படியச்செய்து துருவை உண்டாக்கும். 1960களின் பிற்பகுதியில் செய்யப்பட்ட பிரௌனிங் ரைபிள்கள் சிலவற்றில், உப்பிட்டு உலர்த்திய கட்டை காரணமாக மரத்துக்கு அடியில் உள்ள உலோகம் அரித்துப்போனது. வெளித்தோற்றத்தில் இது தெரியாது. சாக்கோ உடற்பகுதி கொண்ட பிரௌனிங்கை வாங்குவோர் கட்டையைக் கழற்றிப் பார்ப்பது இதனாலேயே.

சட்டநிலை

பின்லாந்தில் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் தேவை. 1998 ஆம் ஆண்டின் சுடுபடைக்கலச் சட்டம் இதனை ஒழுங்குபடுத்துகிறது. உரிமம் பெற்ற துப்பாக்கிகள் அந்நாட்டில் சுமார் 15 லட்சம் உள்ளன. வேட்டைக்காரர் எண்ணிக்கை சுமார் 3 லட்சம் ஆகும். சேகரிப்பாளராக ஏற்கப்பட விரும்புவோர் காவல்துறையிடம் ஒப்புதல் பெற வேண்டும். சேகரிப்பின் எல்லை வரையறுக்கப்பட்டிருப்பதும், பாதுகாப்பாக வைக்க வசதி இருப்பதும் இன்றியமையாதவை.

உரிமமின்றிக் கிடைத்த துப்பாக்கியைத் தாமாக முன்வந்து காவல்துறையிடம் ஒப்படைப்பவர், அதனை வைத்திருந்தமைக்காகத் தண்டிக்கப்படுவதில்லை. பாட்டனார் மறைத்து வைத்த ரைபிள்கள் பல இவ்வழியில் வெளிவந்துள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தில் துப்பாக்கியை நிலையாகச் செயலிழக்கச் செய்வதற்கான பொதுவிதிகள் 2016 முதல் நடைமுறைக்கு வந்தன. அவ்வாறு செயலிழக்கச் செய்கையில் குழலும் பூட்டும் வெட்டப்படுவதால், முன்னதாகவே முத்திரைகளைப் பதிவு செய்வது நன்று.

பழைய ரைபிளைக் கொண்டு வேட்டையாடுவோருக்கும் விதிகள் உண்டு. மூஸ் வேட்டைக்குக் குண்டின் எடை குறைந்தது 9 கிராமும், 100 மீட்டரில் அதன் ஆற்றல் குறைந்தது 2,700 சூலும் இருக்க வேண்டும். குண்டு 10 கிராமாயின் 2,000 சூல் போதுமானது. எனவே 7×33 தோட்டாவைக் கொண்டு மூஸ் வேட்டை செய்தல் இயலாது.

ஆவணங்களும் அருங்காட்சியகங்களும்

ரீகிமாக்கி நகரில் பின்லாந்து வேட்டை அருங்காட்சியகம் உள்ளது. எல்சிங்கியின் சுவோமென்லின்னா கோட்டைத் தீவில் படைத்துறை அருங்காட்சியகத்தின் காட்சிக்கூடம் அமைந்துள்ளது. காவற்படை தொடர்பான பழைய ஆவணங்களைத் தேடுவோர் பின்லாந்து தேசிய ஆவணக்காப்பகத்தை நாடலாம். முன்னர் தனித்து இயங்கிய போர் ஆவணக்காப்பகம் 2008 இல் அதனுடன் இணைக்கப்பட்டது. மார்க்கு பாலோகங்காசு எழுதிய, பின்லாந்தின் படைத்துறைக் கைப்படைக்கலங்கள் பற்றிய மூன்று தொகுதி நூல் அடிப்படை நூலாக மதிக்கப்படுகிறது. அது 1918 முதல் 1988 வரையான காலத்தை உள்ளடக்கியது.

எனினும் தனியொரு ரைபிள் யாரிடம் இருந்தது என்ற வினாவுக்கு நூல்களால் மட்டும் விடை காண இயலாது. துப்பாக்கியும் அதனுடன் கூடிய தாள்களும், அதாவது பழைய உரிமச் சீட்டு, விற்பனைப் பற்றுச்சீட்டு, வேட்டைக்குழுவின் ஒளிப்படம் ஆகியவையும், பிரியாமல் ஒன்றாக இருக்கும்போதே அவ்வினாவுக்கு விடை கிடைக்கிறது. உரிமையாளர் இறந்தபின் துப்பாக்கி ஓரிடத்துக்கும் தாள்கள் குப்பைக்கும் செல்வது இத்துறையில் அடிக்கடி நிகழும் இழப்பாகும்.

இவற்றையும் பார்க்க

* சாக்கோ
* மோசின்-நாகன்ட்
* சிமோ ஹாயா
* குளிர்காலப் போர்
* பின்லாந்தின் வரலாறு